பன்னிரண்டாம் நாள் எடுத்த அவசர முடிவு: பழகிய கடல் மீன் தொட்டியில் ஒரு பவுடர் ப்ளூ மீனைச் சேர்த்த நிகழ்வு

பின்னணி

சென்னையில் ஒரு வீட்டின் வரவேற்பறையில் மூன்று ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்த உப்புநீர்த் தொட்டியில் புதிதாக ஒரு மீனைச் சேர்க்க முயன்றபோது நடந்தவற்றை இங்கே பதிவு செய்கிறேன். தொட்டியின் உரிமையாளர் பணி ஓய்வு பெற்றவர். அன்றாடத் தீனியை அவரும் கல்லூரியில் படிக்கும் அவருடைய மகளும் பார்த்துக்கொள்கிறார்கள். மாதம் இருமுறை சென்று தண்ணீர் மாற்றுவது, கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரைக் கழுவுவது, அளவுகளைச் சோதிப்பது ஆகியவை என் பொறுப்பு. ஆகவே இதில் சொல்லப்படும் தவறுகளில் பாதிக்கு மேல் என்னுடையவை.

தொட்டி 6 அடி நீளமும் 2 அடி அகலமும் 2 அடி உயரமும் கொண்டது. பாறைகளின் இடத்தைக் கழித்தால் ஏறத்தாழ 600 லிட்டர் தண்ணீர் நிற்கும். கீழே சம்ப் எனும் வடிகட்டும் துணைத் தொட்டி, ஸ்கிம்மர், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் ஆகியவை உண்டு. வெப்பநிலை 26 முதல் 27 டிகிரி செல்சியஸ், உப்பின் அளவைக் காட்டும் ஒப்படர்த்தி 1.025, அமோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் என்ற நிலை நீண்ட காலமாக மாறவில்லை. உயிருள்ள பவளம் எதுவும் இதில் இல்லை. கல்பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை என்பதால் தொட்டியை அமைத்தபோதே அந்த ஆசையை விட்டுவிட்டு, செயற்கைப் பாறைகளை அடுக்கி மீன்களுக்காக மட்டும் வடிவமைத்தோம். ஒரு செயில்ஃபின் டேங் மீன், இரண்டு கோமாளி மீன்கள், ஒரு கோரல் ப்யூட்டி, நான்கு பச்சை க்ரோமிஸ், ஒரு சிக்ஸ்லைன் ராஸ் என ஒன்பது மீன்களும், இரண்டு க்ளீனர் இறால்களும், பத்துப் பன்னிரண்டு நத்தைகளும் இருந்தன. கடைசி மீன் சேர்ந்து பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. இந்தப் பதினான்கு மாத அமைதி, அந்தந்த மீன் தனக்கென ஓர் எல்லையை வகுத்துக்கொண்டதால் வந்தது. செயில்ஃபினுக்கு நடுப்பாறையும் அதன் பின்புறச் சந்தும் சொந்தம். மற்றவை அதை ஒப்புக்கொண்டிருந்தன.

உரிமையாளர் விரும்பியது பவுடர் ப்ளூ டேங். இந்தியப் பெருங்கடலைச் சேர்ந்த இந்த மீனின் விலங்கியல் பெயர் அகாந்துரஸ் லியூகோஸ்டெர்னான். இளநீல உடல், கறுத்த முகம், வெள்ளைக் கழுத்து, மஞ்சள் முதுகுத்துடுப்பு எனப் பார்த்தவுடன் மனத்தைப் பறிக்கும் மீன்தான். ஆனால் ஒட்டுண்ணியால் வரும் வெள்ளைப்புள்ளி நோயை எளிதில் வாங்கிக்கொள்வதிலும், தன்னையொத்த மீன்களுடன் சண்டையிடுவதிலும் இது பெயர்பெற்றது. இவ்விரண்டையும் நான் முன்கூட்டியே சொன்னேன். சொன்னதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டதும் உண்மை.

மீன் வந்த நாளும் முதல் வாரமும்

கடையில் மீன் சுறுசுறுப்பாக இருந்தது, உடலில் ஒரு புள்ளிகூட இல்லை. வீட்டுக்கு வந்தபின் பையின் தண்ணீரை ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தபோது ஒப்படர்த்தி 1.019 என்று காட்டியது. உப்பை மிச்சப்படுத்தவும், ஒட்டுண்ணிகளைச் சற்றே அடக்கி வைக்கவும் பல கடைகள் குறைந்த உப்பில் மீன்களை வைத்திருக்கும். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 1.019இல் ஒட்டுண்ணி சாகாது, அதற்கு 1.009 அளவுக்கு இறக்கி வாரக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். கடையில் மீன் சுத்தமாகத் தெரிந்ததற்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்பதை அந்த எண்ணைப் பார்த்த கணமே நான் யோசித்திருக்க வேண்டும்.

புதுமீனைச் சில காலம் தனியே வைத்துக் கவனிக்கும் தனிமைத் தொட்டியாக 100 லிட்டர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி ஒன்றை ஏற்பாடு செய்திருந்தோம். அடியில் மணல் இல்லை. ஒளிந்துகொள்ள மூன்று பி.வி.சி. குழாய் முழங்கைகள், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு ஹீட்டர் மட்டும். தண்ணீரைப் பையிலிருந்ததைப் போலவே 1.019இல் வைத்து, வெப்பநிலை சமமானதும் மீனை நேரடியாக விட்டோம். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்து மணிக்கணக்கில் பழக்கும் முறையை வேண்டுமென்றே தவிர்த்தோம். மூடிய பையில் மீன் விடும் கரியமில வாயுவால் பி.எச். இறங்கியிருக்கும், அதனால் அங்கே சேர்ந்த அமோனியா பெரிதும் தீங்கற்ற அமோனியமாகவே இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறிப் பி.எச். ஏற, அதே அமோனியா நஞ்சாகும். இந்த முடிவு சரியானது என்றே இன்றும் கருதுகிறேன். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை உப்பைச் சிறிது சிறிதாக 1.025க்கு உயர்த்தினோம்.

முதல் மூன்று நாட்கள் மீன் எதையும் தொடவில்லை. நோரி எனும் உலர்ந்த கடற்பாசித் தாளைக் க்ளிப்பில் மாட்டினால் அதைக் கண்டு விலகியது. நான்காம் நாள் காலையில் மார்புத் துடுப்புகளிலும் வாலின் அடியிலும் ஐந்தாறு வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. உப்புக்கல் ஒட்டியதுபோல் ஒவ்வொன்றும் தனித்தனியாக எண்ணக்கூடியதாக இருந்தது. ஆறாம் நாள் மாலையில் ஒன்றும் இல்லை. என் குறிப்பேட்டில் அன்று எழுதியது: "புள்ளிகள் உதிர்ந்தன. மீன் தேறுகிறது." இந்த முழு நிகழ்விலும் மிக விலையுயர்ந்த வரி அதுதான்.

புள்ளி மறைவதன் பொருள்

வெள்ளைப்புள்ளி நோயை உண்டாக்கும் கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி, மீனின் தோலுக்கும் செவுளுக்கும் அடியில் புகுந்து சுமார் 3 முதல் 7 நாட்கள் தின்று வளரும். நாம் காணும் புள்ளி, அப்படி வளர்ந்து பருத்த ஒட்டுண்ணிதான். வளர்ந்தபின் அது தானாகவே மீனை விட்டு உதிர்ந்து, கண்ணாடியிலோ குழாயிலோ பாறையிலோ ஒட்டிக் கூடு கட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டுக்குள் பிரிந்து பெருகி, சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் நூற்றுக்கணக்கான நீந்தும் குஞ்சுகளாக வெளிவரும். அவற்றுக்கு ஓரிரு நாளுக்குள் ஒரு மீன் கிடைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் மடிந்துவிடும். ஆய்வகத்தில் சில கூடுகள் 72 நாள் கழித்தும் குஞ்சுகளை வெளியிட்டிருக்கின்றன. மீனில்லாமல் தொட்டியைக் காலியாக 76 நாள் வைத்திருக்கும் வழக்கம் அதிலிருந்தே வந்தது.

ஆகவே புள்ளி மறைந்தால் மீன் குணமாகிவிட்டது என்று பொருளாகாது; ஒட்டுண்ணி அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது என்றுதான் பொருள். மீன் வெளியே சுத்தமாகத் தெரியும்போதும் செவுளுக்குள் சில ஒட்டியிருக்கலாம், அவை கண்ணுக்குத் தெரியா. இவற்றை நான் அறியாதவன் அல்ல. பிறருக்கு விளக்கியும் இருக்கிறேன். இருந்தும் புள்ளி மறைந்ததைக் கண்ணால் பார்த்தபோது, அறிந்தது பின்னுக்குப் போய், பார்க்க விரும்பியது முன்னுக்கு வந்துவிட்டது.

பன்னிரண்டாம் நாள் முடிவு

எட்டாம் நாள், மண்டபம் என்ற கடற்கரை ஊர்ப் பக்கத்திலிருந்து வரும் உலர்ந்த கஞ்சிப்பாசி எனும் கடற்பாசியை நல்ல தண்ணீரில் அலசி ஊறவைத்து, ஒரு சிறு கல்லில் நூலால் கட்டிப் போட்டேன். நோரியைத் தொடாத மீன், பத்து நிமிடத்துக்குள் வந்து அதைக் கொறித்தது. எனினும் உடல் மெலிந்திருந்தது. வயிறு உள்வாங்கி, முதுகுத் தசை கத்தி முனைபோல் தெரிந்தது. பகல் முழுவதும் கண்ணாடியை ஒட்டி முன்னும் பின்னும் நீந்திக்கொண்டே இருந்தது. ஸ்பாஞ்ச் ஃபில்டரைச் சம்ப்பில் ஒரே வாரம்தான் ஊறவைத்திருந்தோம்; அமோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா அதில் போதிய அளவு படியாததால் அமோனியா 0.25 முதல் 0.5 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) வரை ஏறி இறங்கியது; ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் மாற்ற வேண்டியிருந்தது.

இதற்கிடையில் உரிமையாளர் ஒரு திருமணத்துக்காகப் பதினான்காம் நாள் ஊருக்குப் புறப்பட வேண்டியிருந்தது. திரும்பப் பத்து நாளாகும். இரண்டு தொட்டிகளை ஒரே ஆளாக மகள் கவனிப்பது கடினம். "பட்டினியிலேயே செத்துவிடப் போகிறது தம்பி, பெரிய தொட்டியில் விட்டால் பாசியாவது மேயுமே" என்றார் அவர். நானும் மறுக்கவில்லை. ஒட்டுண்ணியைக் கொல்லும் செம்பு மருந்தைத் தொடங்கலாமா என்று யோசித்தேன். சரியாகச் சாப்பிடாத, மெலிந்த மீனுக்கு அதைக் கொடுக்கத் தயங்கினேன். புள்ளி கண்டு எட்டு நாளாகியும் மீண்டும் வரவில்லை, தனிமைத் தொட்டியே மீனை நலிவடையச் செய்கிறது, வீட்டில் ஆள் குறையப் போகிறது என்ற மூன்று காரணங்களைக் கூட்டிப் பன்னிரண்டாம் நாள் இரவு விட முடிவு செய்தோம். அந்த நேரத்தில் மூன்றும் நியாயமாகவே பட்டன. முதல் காரணம் பொய், மற்ற இரண்டும் நாமே உண்டாக்கியவை என்பதை அப்போது பிரித்துப் பார்க்கவில்லை.

விட்டபின்

விளக்குகளை அணைத்து, அறையையும் இருட்டாக்கி, மீனைப் பிரதான தொட்டியில் விட்டோம். புதுமீனை மற்றவை பார்த்துப் பழகும்வரை தொட்டிக்குள்ளேயே தனியே வைக்கும் பழக்கப் பெட்டி எதையும் பயன்படுத்தவில்லை. மறுநாள் காலை விளக்கு எரிந்த அரைமணி நேரத்துக்குள் செயில்ஃபின் தன் துடுப்புகளை முழுவதும் விரித்துப் பக்கவாட்டில் நின்றது. பிறகு வாலைப் புதுமீனின் பக்கம் திருப்பி வீசத் தொடங்கியது. டேங் மீன்களின் வாலடியில் இருபுறமும் கத்திபோன்ற கூர்மையான முள் உண்டு, அறுவை மருத்துவரின் பெயரால் இவற்றை அழைப்பது அதனால்தான். நண்பகலுக்குள் பவுடர் ப்ளூவின் வால்துடுப்பில் இரண்டு இடங்களில் கிழிசல், விலாவில் நீளமாக ஒரு கீறல். பதினான்காம் நாள் தொட்டியின் வெளிக்கண்ணாடியில் ஒரு கைக்கண்ணாடியை ஒட்டினேன். செயில்ஃபின் தன் நிழலுருவத்தோடு மோதுவதில் பாதி நேரத்தைச் செலவிட்டது, புதுமீனுக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது. உரிமையாளர் புறப்பட்டார்.

இருபத்தொன்றாம் நாள், அதாவது விட்ட ஒன்பதாம் நாள், மகள் அனுப்பிய படத்தில் பவுடர் ப்ளூவின் உடல் முழுவதும் உப்பைத் தூவியதுபோல் இருந்தது. செயில்ஃபின் பாறையில் உடலை உரசிக்கொண்டிருந்தது. மறுநாள் நான் நேரில் பார்த்தபோது கோரல் ப்யூட்டிக்கும் இரண்டு க்ரோமிஸுக்கும் மூச்சு வேகமாக இருந்தது. இது வெல்வெட் நோயா என்ற ஐயம்தான் முதலில் எழுந்தது, ஏனெனில் அது வந்தால் சில நாட்களிலேயே தொட்டி காலியாகிவிடும். வெல்வெட்டில் தெரிவது மாவு தூவியது போன்ற நுண்ணிய படலம், இங்கோ புள்ளிகள் தனித்தனியாக எண்ணும்படி இருந்தன, மீன்களும் தீனிக்கு வந்தன. ஆகவே வெள்ளைப்புள்ளி என்றே முடிவுக்கு வந்தேன். இருபத்துநான்காம் நாள் கோரல் ப்யூட்டி இறந்தபோது அதன் செவுளிலிருந்து சிறு துண்டை வெட்டி, மகளின் பழைய பள்ளி நுண்ணோக்கியில் பார்த்தோம்: மயிரிழைகள் சூழ்ந்த கரும்பழுப்பு உருண்டைகள் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தன. அதன்பின் ஐயத்துக்கு இடமில்லை.

எல்லா மீன்களையும் வெளியேற்றிய முடிவு

வழிகள் பல பேசப்பட்டன. பூண்டு கலந்த தீனி கொடுத்து, க்ளீனர் இறால்களை நம்பி விட்டுவிடலாம் என்று தெரிந்தவர்கள் சிலர் சொன்னார்கள். இறால் மீனின் மேலுள்ள சிலவற்றைக் கொத்தலாம். செவுளுக்குள்ளும் தோலுக்கு அடியிலும் இருப்பதை எட்டாது. பிரதான தொட்டியிலேயே செம்பு சேர்த்தால் இறால்களும் நத்தைகளும் சாகும், பாறைகள் செம்பை உறிஞ்சிக்கொள்ளும், அளவும் நிலைக்காது. உப்பைக் குறைத்தாலும் அந்த உயிரினங்கள் தாங்கா. எனவே மீன்கள் எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தனித்தொட்டியில் மருந்து கொடுப்பது, பிரதான தொட்டியை 76 நாள் மீனில்லாமல் வைப்பது என்று தொலைபேசியில் உரிமையாளரிடம் ஒப்புதல் வாங்கினேன். 4 அடி நீளமும் ஒன்றரை அடி அகல உயரமும் கொண்ட தொட்டி ஒன்றைத் தேடிப்பிடிக்க மூன்று நாட்களாயின. கோரல் ப்யூட்டி இறந்தது அந்த இடைவெளியில்தான்.

இருபத்தைந்தாம் நாள் மீன்களைப் பிடிக்க ஆறு மணி நேரம் ஆனது. பாறை இருக்கும்வரை ஒன்றையும் வலையில் வளைக்க முடியவில்லை. கடைசியில் பாறைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் தொட்டித் தண்ணீர் நிரப்பிய டப்புகளில் வைத்தோம். எட்டு மீன்கள் கிடைத்துவிட்டன, சிக்ஸ்லைன் ராஸைக் காணவில்லை. ஒரே ஒரு மீன் உள்ளே தங்கிவிட்டால்கூட ஒட்டுண்ணிக்கு உணவு கிடைத்துவிடும், 76 நாளும் வீண். இரவு ஒன்பது மணிக்கு ஐந்தாவது பாறையை இரண்டாம் முறை டப்பிலிருந்து தூக்கி ஒரு நிமிடம் தலைகீழாகப் பிடித்தபோது, விரல் நுழையாத ஒரு துளையிலிருந்து தண்ணீரோடு சேர்ந்து அந்த ராஸ் வழுக்கி விழுந்தது.

மருந்தும் காத்திருப்பும்

மருத்துவத் தொட்டியின் நடுவே வெள்ளைப் பிளாஸ்டிக் சட்டத் தடுப்பை வைத்து, இரண்டு டேங்குகளையும் பக்கத்துக்கு ஒன்றாகப் பிரித்தேன். பிணைக்கப்பட்ட வகைச் செம்பை நான்கு நாட்களில் படிப்படியாக ஏற்றி, இருபத்தொன்பதாம் நாள் 2 பி.பி.எம். தாண்டியபின், 2.2க்கும் 2.4க்கும் இடையே 30 நாள் நிறுத்தினோம். நாள்தோறும் மின்னணுக் கருவியில் அளந்தோம். நிறம் பார்த்துச் சொல்லும் சோதனைகளை இதற்கு நம்புவதில்லை.

இருபத்தேழாம் நாள் அமோனியா 1 பி.பி.எம். எட்டியது. ஒன்பது மீன்களுக்கு அந்த ஸ்பாஞ்ச் போதவில்லை. அமோனியாவைக் கட்டும் திரவம் கையில் இருந்தும், அது பிணைந்த செம்பை விடுவித்து நஞ்சாக்கக்கூடும் என்பதால் சேர்க்காமல், அதே அளவு செம்பை முன்பே கலந்த புதுத் தண்ணீரால் பாதித் தண்ணீரை மாற்றினோம். மறுநாள் ஒரு க்ரோமிஸ் இறந்தது. அதைக் கொன்றது நோயா அமோனியாவா என்று பிரித்துச் சொல்ல முடியாது. முப்பத்திரண்டாம் நாளுக்குப் பின் எந்த மீனிலும் புள்ளி காணவில்லை. ஐம்பத்தொன்பதாம் நாள் கார்பன் போட்டுச் செம்பை நீக்கி, மருந்தில்லாமல் கவனிக்கத் தொடங்கினோம்.

பிரதான தொட்டியில் இறால்களுக்காகவும் பாக்டீரியாவுக்காகவும் ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு சிட்டிகை தீனி போட்டோம். இரு தொட்டிகளுக்கும் இடையே பத்தடிக்கு மேல் தொலைவு, தனித்தனி வலை, தனித்தனி வாளி. மருத்துவத் தொட்டியின் பொருள்கள் எல்லாவற்றிலும் சிவப்பு நாடா ஒட்டியிருந்தது. ஈரக் கையும் ஒரு வாளிதான் என்பதை மறந்து, ஒருநாள் நானே ஸ்பாஞ்சைப் பிழிந்த கையோடு பிரதான தொட்டியின் மூடியைத் திறக்கப் போனேன், மகள்தான் "அண்ணா, கை!" என்று தடுத்தாள்.

மீண்டும் சேர்த்தது

நூற்றொன்றாம் நாள் பாறைகளைப் புதிதாக அடுக்கினோம். நடுப்பாறை இடம் மாறியது, செயில்ஃபினின் பழைய சந்து இல்லாமல் போனது. முதலில் சிறிய மீன்களும், துளைகளிட்ட தெளிந்த அக்ரிலிக் பெட்டிக்குள் பவுடர் ப்ளூவும் சென்றன; இரண்டு நாள் கழித்து அதைத் திறந்துவிட்டோம். செயில்ஃபின் கடைசியாக, நூற்றெட்டாம் நாள் வந்தது. அதையும் ஐந்து நாள் பெட்டியில் வைத்தோம். பழைய குடியைப் புதுமீனுக்குப் பின் அனுப்பியதற்குக் காரணம், இம்முறை தொட்டிக்கு எவரும் உரிமையாளராக இருக்கக் கூடாது என்பதே.

திறந்துவிட்ட அன்று துரத்தியது பவுடர் ப்ளூ. மூன்று நான்கு முறை செயில்ஃபினை நீளம் முழுக்க விரட்டியது, வால் வீச்சு வரை போகவில்லை. பதினோரு வாரம் தடுப்புக்கு இருபுறமும் ஒன்றையொன்று பார்த்திருந்ததும் உதவியிருக்கலாம் என்று எண்ணுகிறேன். திட்டமிட்டுச் செய்ததல்ல, அது கூடுதலாகக் கிடைத்தது. இரண்டே நாளில், கஞ்சிப்பாசி கட்டிய ஒரே கல்லின் இரு முனைகளில் இரண்டும் மேய்ந்தன. ஆறு மாதம் கழிந்தும் புள்ளி திரும்பவில்லை. கணக்கில் இழப்பு இரண்டு மீன்கள், மூன்றரை மாதம்.

இனி மாற்றுவது

தனிமைத் தொட்டி மீனை நலிவடையச் செய்தது என்று சொன்னோம்; நலிவடையச் செய்தது 100 லிட்டர் தொட்டியும் பழகாத ஸ்பாஞ்சும். ஓயாமல் நீந்தும் டேங் மீனுக்கு அந்த நான்கடித் தொட்டியே குறைந்தபட்சம் என்று இப்போது வைத்திருக்கிறோம். மீன் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இரண்டு ஸ்பாஞ்சுகள் எப்போதும் சம்ப்பில் கிடக்கின்றன. கடையில் மீனைப் பார்ப்பதற்கு முன் தண்ணீரின் உப்பைப் பார்க்கிறோம். டேங் மீன் என்றால், புள்ளி தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், அது ஒழுங்காகத் தின்னத் தொடங்கியதும் செம்பு 30 நாள். அதன்பின் மருந்தில்லாமல் இரண்டு வாரம். தின்னாத மீனுக்குச் செம்பு கொடுக்கத் தயங்கியதை நான் இன்னும் தவறென்று கருதவில்லை. தின்னத் தொடங்கிய எட்டாம் நாளில் கொடுக்காததுதான் தவறு. பழக்கப் பெட்டியில்லாமல் எந்த மீனும் இனி இறங்காது. வீட்டில் ஆள் குறையும் வாரத்தில் மீன் வாங்குவதில்லை என்பதை உரிமையாளரே சொன்னார்.

விடும் தேதியை மீன் வந்த அன்றே எழுதித் தனிமைத் தொட்டியின் கண்ணாடியில் ஒட்டுவதும் அவருடைய யோசனை. இப்போது அதில் ஒரு ஃபாக்ஸ்ஃபேஸ் மீன் இருக்கிறது, பத்தொன்பதாம் நாள். உடலில் புள்ளி ஏதுமில்லை, மூன்று வேளையும் நன்றாகத் தின்கிறது. சீட்டில் உள்ள தேதிக்கு இன்னும் முப்பத்தோரு நாட்கள் உள்ளன.